'தாய்' வீட்டில் ஒரு வீக்எண்ட்: ஐந்து யூனிட் பாடம்

தலைப்பைப் பார்த்துட்டு "அம்மா வீட்டுக்குப் போறதுக்கு எதுக்குப்பா சிலபஸ்?" என்று கேட்காதீர்கள். இது தாய்லாந்து 'தாய்'.

செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச், சம்மர் இன்டர்ன்ஷிப் என்று அந்தப் பக்கம் போகப் போகிற ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். மூணாம் வருஷ லீவில் இரண்டு மாசம், பாங்காக்குக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிற பதும் தானி மாகாணத்தில், ஒரு பல்கலைக்கழக லேபில் இன்டர்னாக இருந்தேன். நம்ம ஆட்கள் அங்கே வாழ்வதை ஒரு ஃப்ளோசார்ட்டாகவே வரைந்துவிடலாம்: லேப், ஹாஸ்டல், மால், இந்திய ஹோட்டல், மறுபடி லேப். சனிக்கிழமை வந்தால் பட்டாயா. திரும்பி வரும்போது போனில் ஆயிரம் போட்டோ இருக்கும். ஆனா ஒரு தாய் வீட்டு அடுப்பங்கரை எப்படி இருக்கும்னு கேட்டா தெரியாது.

அப்போது லேபில் யாராவது ஒருத்தர், "இந்த வாரம் எங்க ஊருக்கு வர்றியா? வீட்டுல தங்கிக்கலாம்" என்று கேட்பார். நம்ம வாயில் முதலில் வருவது "ஐயோ, அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு!" அந்தப் பதிலை இன்றோடு சிலபஸில் இருந்து எடுத்துவிடுங்கள். அழைப்பு வந்தால் போங்க. போனால் எப்படி இருக்கணும் என்பதற்குத்தான் இந்த ஐந்து யூனிட்.

யூனிட் 1: கிளம்புவதற்கு முன்

தாய் மொழியில் விருந்தாளிக்கு 'கேக்' என்று பெயர். பிறந்தநாள் கேக் மாதிரி இல்ல, முதல் எழுத்தை மூச்சோடு, குரலைத் தாழ்த்திச் சொல்லணும். இதே சொல்லைத்தான் இந்தியர்கள், மலாய்க்காரர்கள், அரபு நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பேச்சு வழக்கில் வைத்திருக்கிறார்கள். பாங்காக் சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் நம்ம தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். 'வாட்' என்றால் கோயில்.

ஆக, நீங்க அந்த வீட்டுக்குள் போகும்போது இரண்டு அர்த்தத்திலும் 'கேக்'தான். இந்தச் சொல்லை எல்லோரும் எப்போதும் மரியாதையோடுதான் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அதைக் கேட்டு வருத்தப்படுகிற இந்தியர்கள் உண்டு. தெருவில் காதில் விழுந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம், அப்படியே விழுங்கிக்கொள்ளவும் வேண்டாம். சொல்றவர் முகத்தைப் பாருங்க, அது போதும்.

கிளம்பும் முன் மூன்று விஷயத்தை முன்கூட்டியே சொல்லிடணும்: எப்போ வருவீங்க, எப்போ திரும்புவீங்க, என்ன சாப்பிட மாட்டீங்க. மூணாவதுதான் முக்கியம், யூனிட் 4-இல் வருகிறேன்.

கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. ஊருக்குப் போய்ட்டு வர்றவங்க வாங்கிட்டு வருகிற பொருளுக்கு 'கோங் ஃபாக்' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். காஸ்ட்லியாக எதுவும் வேண்டாம். நான் சென்னையில் இருந்து கோவில்பட்டி கடலை மிட்டாய் கொண்டு போயிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துட்டு "துவா தாத்!" என்றார். அவங்க ஊர்க் கடலை மிட்டாயின் பெயர் அது. எட்டு வார்த்தைகூடத் தெரியாத மொழியில் எங்களுக்குள் நடந்த முதல் உரையாடல் அதுதான்.

இன்னொரு சின்னக் கணக்கு. தாய்லாந்தில் புத்த ஆண்டுதான் புழக்கத்தில் இருக்கிறது. நம்ம ஆண்டோடு 543-ஐக் கூட்டணும். பால் பாக்கெட்டில் எக்ஸ்பயரி 2568 என்று இருந்தால் பயப்படாதீங்க, அது 2025. இந்த 543-ஐ மனசுல வச்சுக்கோங்க, கடைசி யூனிட்டில் தேவைப்படும்.

யூனிட் 2: யாரை எப்படிக் கூப்பிடுவது

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நமக்கு எல்லோரும் 'அங்கிள்', 'ஆன்ட்டி'. தாய் மொழியில் அது செல்லாது. நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் உறவுப் பெயர் இல்லாமல் ஒருத்தரைக் கூப்பிடவே முடியாது. 'நான்', 'நீ' என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூட உறவுப் பெயர்தான் வந்து உட்காரும்.

மூத்தவர் ஆணோ பெண்ணோ, 'பீ'. (தமிழில் எழுதினால் என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். சிரிச்சு முடிச்சுட்டு வாங்க.) இளையவர் 'நோங்'. அண்ணனா அக்காவா என்று பிரிப்பதில்லை, வயசு மட்டும்தான் கணக்கு. என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் லேபில் மாஸ்டர்ஸ் படிப்பவர், எனக்கு மூணு வயசு மூத்தவர். அதனால் அவர் எனக்கு 'பீ', நான் அவருக்கு 'நோங்'. ஹாஸ்டல் சீனியர், ஜூனியர் உறவு மாதிரி. 'பீ' என்றால் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கிற பொறுப்பும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும்!

அம்மா 'மே', அப்பா 'போ'. நண்பரின் அம்மாவையும் 'மே' என்றே கூப்பிடலாம். பெற்றோருக்கு மூத்தவர்களில் ஆண் 'லுங்', பெண் 'பா'. இளையவர்களில் அம்மா பக்கம் 'நா', அப்பா பக்கம் 'ஆ'. நமக்கு மாமா வேறு, பெரியப்பா வேறு. அவங்களுக்கு ரெண்டு பேரும் 'லுங்'. ஆனால் தாத்தா பாட்டி விஷயத்தில் நம்மைவிடக் கறார்: அம்மாவின் அம்மா 'யாய்', அம்மாவின் அப்பா 'தா', அப்பாவின் அம்மா 'யா', அப்பாவின் அப்பா 'பூ'. நம்மில் சிலர் வீட்டில் அம்மாச்சி, அப்பத்தா என்று பிரித்துச் சொல்வது போல. சங்கத் தமிழில் 'யாய்' என்றால் அம்மா என்று தமிழ் மிஸ் சொன்னது ஞாபகம் வருதா? சும்மா ஒலி ஒற்றுமைதான். இதை வைத்து வாட்ஸ்அப்பில் ஆராய்ச்சி தொடங்கிடாதீங்க.

பெண்களுக்கு ஒரு டிப்ஸ். பெரியவர்களிடம் பேசும்போது இளம்பெண்கள் தங்களை 'நூ' என்று சொல்லிக்கொள்வார்கள். 'நூ' என்றால் எலி! எலியாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆண்கள் 'போம்' என்று சொல்லிக்கொள்ளலாம். வாக்கிய முடிவில் பெண்கள் 'கா', ஆண்கள் 'க்ராப்'. இதைச் சேர்த்துவிட்டால் உடைந்த வாக்கியம்கூட மரியாதையான வாக்கியம் ஆகிவிடும்.

அடுத்து தொனி. தாய் மொழியில் ஐந்து தொனிகள். 'க்லை' என்று குரலை மேலே இருந்து கீழே இறக்கினால் 'பக்கத்தில்'. அதையே சமமாகச் சொன்னால் 'தூரத்தில்'. வழி கேட்கும்போது இது சாதாரண விஷயம் இல்லை. நல்லவேளையாக, சமஸ்கிருத, பாலி வழி வந்த சொற்கள் நமக்குக் கை கொடுக்கும். 'ஆஹான்' ஆகாரம், 'பாசா' பாஷை, 'ஆஜான்' ஆச்சாரியார், அதாவது நம்ம புரொபசர். ஞாயிறு முதல் சனி வரை கிழமைகளும் அதே கிரகங்கள், அதே வரிசை: ஞாயிறு 'வான் ஆதித்', ஆதித்யன். திங்கள் 'வான் ஜான்', சந்திரன். நமக்கெல்லாம் ரொம்பப் பிடித்தது இது: இன்ஜினியரிங் என்பதற்கு தாய் சொல் 'விசவகம்'. விஸ்வகர்மா! அந்த ஊரில் நம்ம டிபார்ட்மென்ட்டுக்கே சாமி பெயர்.

யூனிட் 3: க்ரெங் ஜை

இந்த யூனிட்டை சாய்ஸில் விட்டுடாதீங்க. இது கம்பல்சரி கொஸ்டின்.

'ஜை' என்றால் மனசு. தாய் மொழியில் குணம் முழுக்க இந்த ஜையை வைத்துத்தான். 'ஜை யென்' குளிர்ந்த மனசு, பொறுமை. 'ஜை ரோன்' சூடான மனசு, அவசரக்காரர். 'காவ் ஜை' மனசுக்குள் நுழைவது, புரிந்துகொள்வது. 'நாம் ஜை' மனசின் நீர், கேட்காமலே கொடுக்கிற குணம். நமக்கு 'ஈர மனசு' மாதிரி.

இந்த வரிசையில்தான் 'க்ரெங் ஜை' வருகிறது. 'க்ரெங்' என்றால் அச்சம் கலந்த மரியாதை. அடுத்தவருக்குச் சிரமம் கொடுத்துடுவோமோ, அவர் மனசு நோகுமோ என்று நம்மை நாமே அடக்கிக்கொள்வதுதான் க்ரெங் ஜை. "பரவாயில்லைங்க, வேண்டாங்க, நீங்க எதுக்கு சிரமப்படுறீங்க" என்று நம்ம வீட்டில் அம்மா சொல்வாங்களே, கிட்டத்தட்ட அதுதான்.

சிக்கல் எங்கே வரும்? நீங்களும் க்ரெங் ஜை, அவங்களும் க்ரெங் ஜை. ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருப்பீர்கள், யாருக்கு என்ன தேவை என்று யாருக்கும் தெரியாது. நீங்க பசியை மறைப்பீங்க, அவங்க களைப்பை மறைப்பாங்க. 'மை பென் ரை' என்று ஒரு சொல் உண்டு. நம்ம 'பரவாயில்லை'. உண்மையிலேயே பரவாயில்லை என்றாலும் அதுதான், கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது என்றாலும் அதேதான். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் மொழியில் சொன்னால், ரெண்டு இன்புட்டுக்கும் ஒரே அவுட்புட். அவுட்புட்டை மட்டும் பார்த்து இன்புட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்போ என்ன செய்வது? எனக்கு உதவிய மூன்று வழிகள்:

ஒன்று, ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வியைக் கேட்காதீங்க. "நான் உதவலாமா?" என்று கேட்டால் "மை பென் ரை" என்றுதான் வரும். "இந்தத் தட்டை எங்க வைக்கணும்?" என்று தட்டைக் கையில் எடுத்த பிறகு கேளுங்க. இடத்தைக் காட்டித்தான் ஆகணும்.

ரெண்டு, நடுவில் இருக்கிறவரிடம் கேளுங்க. மே-யிடம் நேரே கேட்டால் "சௌகரியம்தான்" என்பார். பீ-யிடம் தனியாகக் கேட்டேன். "அம்மா ஒன்பது மணிக்குப் படுத்துடுவாங்க. நீ உட்கார்ந்திருந்தா அவங்களும் உட்கார்ந்திருப்பாங்க" என்றார். அன்று ராத்திரி எட்டே முக்காலுக்கு நானே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன். மே முகத்தில் தெரிந்த நிம்மதிக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

மூணு, நம்ம ஊர் பிகுவை ஊரிலேயே வைத்துட்டுப் போங்க. நம்ம வீடுகளில் ரெண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூணாவது தடவை வாங்கிக்கொள்வது ஒரு கலை. நான் தங்கிய வீட்டில் முதல் 'வேண்டாம்' வேண்டாம்தான். வற்புறுத்தினால் உங்களுக்குச் சங்கடமாகுமே என்பது அவங்க க்ரெங் ஜை. பழம் வேணும்னா முதல் தடவையே தட்டை நீட்டுங்க.

யூனிட் 4: சோறும் முயலும்

"சாப்டாச்சா?" என்று நாம் கேட்பது போல அங்கேயும் "கின் காவ் யங்?" என்பார்கள். 'காவ்' சோறு, 'கின் காவ்' சோறு தின்பது, அதாவது எந்தச் சாப்பாடானாலும் அதுதான். நூடுல்ஸ் சாப்பிட்டாலும் 'கின் காவ்'.

பரிமாறும் முறை எளிது. ஆளுக்கு ஒரு தட்டில் சோறு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக நாலைந்து கிண்ணம். வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். ஃபோர்க் தள்ளுவதற்கு மட்டும், வாய்க்குப் போவது ஸ்பூன்தான். குச்சி நூடுல்ஸுக்கு. வடக்கிலும் ஈசான் பகுதியிலும் சாப்பிடுகிற ஒட்டும் அரிசிச் சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிடலாம், அதில் நமக்கு டிஸ்டிங்ஷன் நிச்சயம். பொதுக் கிண்ணத்தில் இருந்து ஒரு தடவைக்கு ரெண்டு ஸ்பூன், அவ்வளவுதான். முதலிலேயே எல்லாவற்றையும் தட்டில் குவிப்பது பார்க்க நல்லா இருக்காது.

இப்போது அந்த முக்கியமான விஷயம். நான் முட்டை சாப்பிடுகிற வெஜிடேரியன். தாய் சமையலில் 'நாம் ப்லா' என்கிற மீன் சாறு நம்ம உப்பு மாதிரி, 'கபி' என்கிற இறால் விழுது நம்ம பெருங்காயம் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா நிறைய உணவுகளில் இருக்கும். 'மங்சவிரத்' என்றால் சைவம். 'ஜே' என்றால் அதைவிடக் கண்டிப்பு, பூண்டு வெங்காயம்கூடச் சேராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு கடைகளில் பார்க்கலாம்.

இதைப் போய் இறங்கிய பிறகு, சாப்பாடு மேசையில் சொல்லக் கூடாது. அதற்குள் அந்த அம்மா காலையில் இருந்து சமைத்து முடித்திருப்பார். நான் புதன்கிழமையே பீ-யிடம் எழுதிக் கொடுத்துட்டேன்: முட்டை ஓகே, மீன் சாறு வேண்டாம், சோயா சாஸ் ஓகே, தனியாக எதுவும் விசேஷமாகச் செய்ய வேண்டாம், ஆம்லெட்டும் சோறும் போதும். "போதும்" என்று ஒரு எளிய வழியைக் காட்டியதுதான் முக்கியம். தேவையைச் சொல்லாமல் போய்த் தட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்தால் சமைத்தவருக்கு அது தோல்வி மாதிரி. அலர்ஜி இருக்கிறவர்கள் 'பே' என்ற சொல்லைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். 'பே குங்' என்றால் எனக்கு இறால் ஒத்துக்காது.

சனிக்கிழமை மதியம், கழுவிய தட்டோடு அடுப்பங்கரைக்குள் போனபோது யாய் தரையில் ஒரு குட்டை மர மணையை எடுத்துப் போட்டார். முன்னால் பல்பல்லாக ஒரு இரும்பு நாக்கு. நம்ம தேங்காய்த் துருவி! பெயர் 'க்ரதாய்', அதாவது முயல். பழைய காலத்தில் முயல் வடிவத்திலேயே மணையைச் செதுக்குவார்களாம். எங்க பாட்டி வீட்டில் அரிவாள்மணைத் துருவியில் உட்கார்ந்து பழகியவள் நான். கையை நீட்டித் தேங்காய் மூடியைக் கேட்டேன். யாய் ஒரு நொடி பார்த்துட்டுக் கொடுத்தார். துருவ ஆரம்பித்ததும் மே-யைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல, ரெண்டு பேரும் சிரித்தார்கள். "அவளுக்கு முயல் ஓட்டத் தெரியுதுன்னு சொல்றாங்க" என்று பீ மொழிபெயர்த்தார்.

அந்தத் தேங்காயில் பால் எடுத்தோம். நாம் முதல் பால், ரெண்டாம் பால் என்கிறோம். அவங்க முதல் பாலை 'தலை', தண்ணியாக வருவதை 'வால்' என்கிறார்கள். வாலில் வாழைப்பழத்தை வேக வைத்து, தலையைக் கடைசியில் ஊற்றினார் யாய். அந்த இனிப்பின் பெயர் 'க்லுவாய் புவாத் சீ'. சன்னியாசினி ஆன வாழைப்பழம்! தாய்லாந்தில் பௌத்தப் பெண் துறவிகள் வெள்ளை உடுத்துவார்கள், பழமும் வெள்ளைப் பாலில் மூழ்கிக் கிடக்கிறது, அதனால் அந்தப் பெயர்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் 'மை பென் ரை' சொல்லவில்லை. பூண்டு உரிக்கச் சொன்னார்கள். மழை வந்ததும் "துணியை எடு" என்று மாடியைக் காட்டினார்கள். வேலை சொல்கிறார்கள் என்றால் நீங்க வீட்டுக்குள் வந்துட்டீங்க என்று அர்த்தம்.

யூனிட் 5: ஞாயிற்றுக்கிழமை

முதலில் விதிகள். செருப்பை வெளியே விடணும், அது நமக்கே தெரியும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்க. காலை யாரையும், புத்தர் சிலையையும் நோக்கி நீட்டாதீங்க. யார் தலையையும் தொடாதீங்க, குழந்தையானாலும். கை கூப்புகிற 'வை'யைச் சின்னவர்தான் முதலில் செய்யணும். கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. பெண்கள் துறவிகளைத் தொடக் கூடாது. அரச குடும்பத்தைப் பற்றி ஜோக் வேண்டவே வேண்டாம். குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவில் 3 முதல் 15 வருஷம் வரை சிறை. இந்தப் பேச்சை நீங்க இழுத்தால் மாட்டுவது உங்களைத் தங்க வைத்த வீடும்தான்.

அந்த வீடு இருந்தது அயுத்தயாவில், பாங்காக்கில் இருந்து சுமார் 80 கி.மீ. வடக்கே. பெயர் நம்ம அயோத்தியில் இருந்து வந்தது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1767-இல் பர்மியப் படை அழிக்கும் வரை சயாம் நாட்டின் தலைநகர். 1991-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலையில் இடிந்த செங்கல் கோபுரங்களைப் பார்த்துட்டு வரலாம். அதற்கும் முன்னால், விடிந்ததும் துறவிகள் வெறுங்காலோடு வருவார்கள். வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சோறு இடுவார்கள். 'தக் பாத்' என்று பெயர். 'பாத்' வேறு எதுவும் இல்லை, நம்ம பாத்திரம். யாயின் முழங்கால் வலிக்கிறது என்று தெரிந்ததால் சோற்றுப் பானையை நான் பிடித்துக்கொண்டேன்.

மதியம் போ என்னைக் கீழே கூப்பிட்டார். அவர் அயுத்தயாவின் தொழிற்பேட்டை ஒன்றில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். வாசல் தூணில் என் தோள் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். "54ஆம் வருஷ வெள்ளம்" என்றார். 2554. 543-ஐக் கழித்தேன், 2011.

அந்த வருஷம் அயுத்தயாவின் தொழிற்பேட்டைகள் வரிசையாக மூழ்கின. கார் தொழிற்சாலைகள் நின்றன. ஹார்ட் டிஸ்க் தயாரிப்பு நின்றதில் உலகம் முழுக்க விலை ஏறியது. சப்ளை செயின் பாடத்தில் நாம் இதை ஒரு கேஸ் ஸ்டடியாக ரெண்டு பாராவில் படித்துட்டுப் போவோம். இங்கே அது ஒரு தூணில் இருந்தது. வேலை எப்போது திரும்பத் திறக்கும் என்று தெரியாமல் மாடியில் உட்கார்ந்திருந்த நாட்களைப் போ சொல்லச் சொல்ல, பீ மொழிபெயர்த்தார்.

எங்க வீடு முடிச்சூரில். 2015 டிசம்பரில் நான் ஆறாங்கிளாஸ். எங்க வீட்டுக் கோடு ஜன்னல் கட்டை வரை. கையை நீட்டி உயரத்தைக் காட்டினேன். போ தலையை ஆட்டினார். யாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ என்ன சாப்பிட்டீங்க?" பக்கத்து மொட்டை மாடியில் இருந்து வந்த பிரெட், பால் பவுடர் என்றேன். "நாங்க முட்டையும் மாமாவும்" என்றார். 'மாமா' அங்கே ஒரு நூடுல்ஸ் பிராண்ட். நான் தமிழில் மாமா என்றால் என்ன என்று சொல்ல, எல்லோரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கவனிங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி அதே தூண் பக்கத்தில்தான் செருப்பைக் கழற்றினேன். அன்றைக்கு யாரும் அதைக் காட்டவில்லை, காட்டியிருக்கவும் மாட்டார்கள். விருந்தாளிக்கு வீட்டின் நல்லதைத்தான் காட்டுவார்கள். பட்ட கஷ்டத்தைச் சொல்வது கூட உட்கார்ந்து பூண்டு உரித்தவரிடம்தான். "அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று போகாமலே இருந்திருந்தாலோ, போய் ரெண்டு நாள் சோபாவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாலோ, அயுத்தயா எனக்கு யுனெஸ்கோ பட்டியலில் ஒரு வரிதான்.

திரும்பும்போது காசு நீட்டாதீங்க. ஹாஸ்டல் வந்து சேர்ந்ததும் லைன் ஆப்பில் 'துங் லேவ்', அதாவது 'சேர்ந்துட்டேன்' என்று ஒரு மெசேஜ் போடுங்க. இல்லையென்றால் அந்த அம்மா விழித்துக்கொண்டிருப்பார். பதிலுக்கு '555' என்று வந்தால் ஏதோ கோட் என்று குழம்ப வேண்டாம். தாய் மொழியில் 5 என்றால் 'ஹா'.

முக்கிய வினாக்கள்

1. 'மை பென் ரை' என்பதன் இரண்டு பொருள்களைத் தருக. (பரவாயில்லை. பரவாயில்லை என்று சொல்கிறேன்.)

2. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எப்போது சொல்ல வேண்டும்? (அவர்கள் சந்தைக்குப் போவதற்கு முன்.)

3. நல்ல விருந்தாளிக்கு இலக்கணம் கூறுக. (தன் தேவையை முதலிலேயே சொல்லிவிட்டு, வேலையைக் கேட்காமலே கையில் எடுப்பவர்.)

4. உங்க லேப் சீனியர் வெள்ளிக்கிழமை "ஊருக்கு வர்றியா?" என்கிறார். விடை எழுதுக. (இதற்கு ஒரு வார்த்தைதான் விடை. உங்களுக்கே தெரியும்.)